வீட்டுக்கு பின்னாடி மழைத்தண்ணி நிக்குது, மண்ணடிச்சு மேடாக்கவா, ஓட்டை பைப் பதிக்கவா, உறிஞ்சுகுழி தோண்டவா?

கொல்லைவாசி:

வணக்கம் மக்களே. வீட்டுக்கு பின்பக்கம் சுமாரா 20க்கு 20 அடி காலி இடம் இருக்கு. மழை பெஞ்சா சமையல்கட்டு சுவத்தை ஒட்டின மூலையில தண்ணி தேங்கி நிக்குது, மழை விட்டும் ரெண்டு மூணு நாள் அப்படியே கிடக்கும், அப்புறம் மேல காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் கால வச்சா சதக்குனு உள்ள போவுது. வச்ச செடி எல்லாம் மஞ்சளாகி வேர் அழுகி போயிடுது. அது கூட பரவால்ல, இப்ப சமையல்கட்டு உள்பக்கம் தரையில இருந்து ஒரு முழம் உயரத்துக்கு பெயிண்ட் உப்பி உதிருது, வெள்ளையா உப்பு பூக்குது, அதான் பயமா இருக்கு.

மண்ணு கருப்பு களிமண்ணு, வெயில்காலத்துல விரல் நுழையுற அளவுக்கு வெடிப்பு விடும். மொட்டைமாடி 1000 சதுர அடி, அந்த தண்ணி மொத்தமும் பின்பக்கம் ரெண்டு பைப் வழியா இறங்கி தரையிலதான் கொட்டுது. வீட்டுக்கு பக்கவாட்டுல முன்வாசல் வரைக்கும் ஒரு சந்து போவுது, அதுல பேவர் பிளாக் போட்டிருக்கு. ரோடும் ரோட்டோர கால்வாயும் முன்பக்கம், பின்னாடி வேற ஒருத்தர் வீடு, நடுவுல காம்பவுண்டு சுவர்.

மூணு பேரை கூட்டிட்டு வந்து காட்டினேன். ஒருத்தர் லோடு மண்ணடிச்சு ஒரு அடி மேடாக்கிட்டா வேலை முடிஞ்சதுங்கிறார். இன்னொருத்தர் ஓட்டை போட்ட பைப்பை ஜல்லிக்குள்ள பதிச்சு சுத்தி துணி சுத்தினா எல்லா தண்ணியையும் இழுத்துக்கும்ங்கிறார், அதுக்கு வெளிநாட்டுல ஃப்ரெஞ்ச் ட்ரெய்ன்னு பேராம். மூணாவது ஆளு உறிஞ்சுகுழி ஒன்னு தோண்டி ஜல்லியை ரொப்பினா போதும்னுட்டார். மூணு பேருமே நல்லா தெரிஞ்ச மாதிரிதான் பேசுறாங்க, யாரை நம்புறதுன்னு தெரியல. செஞ்சு பாத்தவங்க யாராவது சொல்லுங்களேன்.

சும்மாவந்தவன்:

ஒரு அடி மண்ணு போட்டு விடுங்க ப்ரோ, பள்ளம் இருந்தாத்தானே தண்ணி நிக்கும். இதுக்கு போய் பைப்பு ஜல்லின்னு எதுக்கு செலவு.

மட்டப்பலகை:

அவசரப்பட்டு மண்ணடிக்காதீங்க. ஒரு அடி மேடாக்கினா தண்ணி காணாம போகாது, வேற பக்கம் போகும், அந்த வேற பக்கம் உங்க வீட்டு சுவராவே கூட இருக்கலாம். சுவத்துல ஓதம் ஏறாம இருக்க பேஸ்மட்டத்துல ஒரு தடுப்பு போட்டிருப்பாங்க, டி.பி.சின்னு சொல்லுவோம், வெளிய இருக்குற மண்ணு அதுக்கு குறைஞ்சது 6 இன்ச் கீழ நிக்கணும். அதையும் தாண்டி மண்ணை ஏத்திட்டீங்கன்னா மண்ணுல இருக்குற ஈரம் தடுப்புக்கு மேலேயே நேரா சுவத்துக்குள்ள போயிடும், கூடவே கரையானுக்கும் வழி.

மூணு பேர் சொன்னதுலயும் எனக்கு ஒரே குறைதான். தண்ணி எங்க இருந்து வருதுன்னு யாரும் கேக்கல, எங்க போகப்போவுதுன்னும் கேக்கல. இந்த ரெண்டும் தெரியாம தோண்டினா பணம்தான் மண்ணுக்குள்ள போகும். அதனால கீழ கேக்குறதை பாத்து சொல்லுங்க, அப்புறம் பேசுவோம்.

மழையே இல்லாத நாள்லயும் அந்த மூலை ஈரமா இருக்கா? இருந்தா முதல்ல குழாய் கசிவை சந்தேகப்படணும். ராத்திரி எல்லா குழாயையும் மூடிட்டு மீட்டரை பாருங்க, மீட்டர் இல்லன்னா மேல்தொட்டியில தண்ணி மட்டத்தை கோடு போட்டு வச்சு காலையில பாருங்க.

அப்புறம் ஒரு அடி ஆழம் ஒரு அடி அகலத்துல ஒரு குழி தோண்டி தண்ணி ரொப்புங்க, அது வடிஞ்சதும் (வடியலன்னாலும் மறுநாள்) திரும்ப ரொப்பி மணிக்கு எவ்வளவு இறங்குதுன்னு அளங்க. மணிக்கு 1 இன்ச்சுக்கு மேல இறங்கினா மண்ணு குடிக்குதுன்னு அர்த்தம், அதுக்கு கீழன்னா அந்த மண்ணை நம்பி எதுவும் பண்ணமுடியாது. முதல் தடவை இறங்குறதை கணக்குல எடுக்காதீங்க, காஞ்ச களிமண்ணு வெடிப்பு வழியா சட்டுனு குடிச்சு ஏமாத்தும்.

முக்கியமானது மட்டம். தெளிவா உள்ள தெரியுற ட்யூப் ஒன்னு வாங்கி தண்ணி ரொப்பி, நடுவுல காத்துக்குமிழ் இல்லாம பாத்துக்கங்க. ஒரு முனையை வீட்டு சுவத்துல ஒரு கோட்டுக்கு நேரா புடிச்சா மறுமுனையில தண்ணி எங்க நிக்குதோ அதுதான் அதே மட்டம். அந்த மட்டத்துல இருந்து தரைக்கு எத்தனை இன்ச்னு மூலையிலயும், சந்து ஆரம்பத்துலயும், சந்து முடிவுலயும், ரோட்டு கால்வாய் அடியிலயும் அளந்து எழுதுங்க. கண்ணால பாத்து சொல்ற மட்டத்தை நம்பாதீங்க, காம்பவுண்டு சுவத்துல கல்லு வரிசை சாஞ்சிருந்தா தரை அந்தப்பக்கம் போற மாதிரியே தெரியும்.

இன்னொன்னு, நல்ல மழை அடிக்கும்போது ரோட்டு கால்வாய்ல தண்ணி எதுவரைக்கும் ஏறுதுன்னு குடை புடிச்சாவது போய் பாருங்க. இதை யாரும் பாக்குறதில்ல, வெயில் அடிக்கும்போது காலியா கிடக்குற கால்வாயை பாத்துட்டு அதோட அடிமட்டத்துக்கு கணக்கு போட்டு பைப் வச்சிடுறாங்க, அப்புறம் மழையில கால்வாய் தண்ணி ரிவர்ஸ்ல வீட்டுக்குள்ள வருது.

ஜல்லிக்கரண்டி:

நான் அந்த ஓட்டை பைப் முறைதான் போட்டிருக்கேன், சூப்பரா வேலை செய்யுது, இவ்வளவு ஆராய்ச்சி எல்லாம் பண்ணல. 2 அடி ஆழத்துக்கு பள்ளம் எடுத்து, நெய்யாத ஜியோ துணி (தண்ணியை விடும், மண்ணை விடாது) விரிச்சு, 20 எம்எம் கழுவின ஜல்லி கொஞ்சம் போட்டு அதுமேல 4 இன்ச் பைப், மேல மறுபடி ஜல்லி, துணியை மடிச்சு மூடி மேல மண்ணு. தண்ணி நிக்கிறதே இல்ல. ஒரு விஷயம், பைப் ஓட்டை கீழ்ப்பக்கம் பாத்து இருக்கணும், நிறைய பேர் மேல பாத்து வச்சிடுறாங்க. தண்ணி பள்ளத்தோட அடியில இருந்துதான் ஏறி வரும், ஓட்டை மேல இருந்தா பைப் மூழ்குறவரைக்கும் ஒரு சொட்டு உள்ள போகாது.

மட்டப்பலகை:

ஓட்டை கீழ்ப்பக்கம், கரெக்ட். ஒன்னு கேக்குறேன், உங்க இடம் சரிவா? பைப்போட மறுமுனை எங்க போய் திறக்குது?

ஜல்லிக்கரண்டி:

ஆமா சரிவுதான், வீட்டுக்கு பின்னாடி மேடு, மேட்டுல இருந்து தண்ணி மண்ணுக்குள்ளயே ஊறி வரும். பைப் முன்பக்கம் பள்ளத்துல போய் விழுது, அந்த இடம் வீட்டை விட 3 அடி கீழ.

மட்டப்பலகை:

அதான். அந்த பைப் உங்களுக்கு பொருந்தினதுக்கு காரணமே அதுதான், மண்ணுக்குள்ள நகர்ந்து வர்ற ஊத்துத்தண்ணியை வழியில மறிச்சு புடிச்சு கீழ இருக்குற இடத்துக்கு விடுறதுக்குதான் அந்த முறை. கேள்வி கேட்டவருக்கு மேல கொட்டுற தண்ணி, அடியில களிமண்ணு. களிமண்ணுல தண்ணி பக்கவாட்டுல நகர்றதே கஷ்டம், பைப் 2 அடி தள்ளி இருந்தா கூட அதுகிட்ட வந்து சேராது, மேல குட்டை நிக்கும், கீழ பைப் காலியா கிடக்கும். மேல வரைக்கும் ஜல்லியாவே விட்டா தண்ணி உள்ள இறங்கும்தான், ஆனா சேறும் சேர்ந்து இறங்கி அடைச்சிடும். அப்புறம் பைப் வீட்டை விட தாழ்வான இடத்துல திறக்கணும், இல்லன்னா அது ஒரு நீளமான தொட்டி, அவ்வளவுதான்.

ஈரமண்:

நான் தோட்டக்காரி, கட்டட வேலை தெரியாது, மண்ணை பத்தி மட்டும் சொல்றேன். தண்ணி நிக்குதேன்னு தயவுசெஞ்சு அந்த களிமண்ணுல மணல் கொட்டி கலக்கிடாதீங்க. மணல் பாதிக்கு மேல போனாத்தான் மண்ணோட குணம் மாறும், ரெண்டு மூட்டை கலந்தா களி அந்த மணலை சுத்தி புடிச்சுக்கிட்டு காஞ்சதும் செங்கல் மாதிரி இறுகிடும். செடி வைக்கிற குழிக்கு அடியில ஜல்லி போட்டா தண்ணி வடியும்னு சொல்றதும் உண்மையில்ல, நுணுக்கமான மண்ணு முழுசா நனைஞ்சு தளும்புறவரைக்கும் கீழ இருக்குற ஜல்லிக்கு தண்ணியை விடாது, வேர் நிக்கிற இடத்துலதான் தண்ணி தங்கும். ஜிப்சம் போடுங்கன்னும் யாராவது சொல்லுவாங்க, சோடியம் ஏறின களர் மண்ணுக்குதான் அது கேக்கும், எல்லா களிமண்ணுக்கும் இல்ல.

களிமண்ணுக்கு மக்குன உரமும் இலைச்சருகும்தான் மருந்து, மேல 2, 3 இன்ச் கனத்துக்கு மூடாக்கு போட்டுக்கிட்டே வந்தா மண்புழு வேலை செய்யும், ஆனா பொறுமை வேணும், ஒரு சீசன்ல நடக்காது. ஈரமா இருக்கும்போது மிதிக்காதீங்க, கொத்தாதீங்க, வண்டி ஏத்தாதீங்க. ஈரக்களியை மிதிச்சா அதுல இருக்குற காத்து துளை எல்லாம் அமுங்கிடும், அப்புறம் தண்ணி போக வழியே இருக்காது. வீடு கட்டும்போது செங்கல் லாரியும் ஜல்லி லாரியும் அந்த இடத்துல நின்னிருந்தா இப்ப தண்ணி நிக்கிறதுக்கு அதுவே பாதி காரணமா இருக்கும்.

எப்பவும் ஈரமா இருக்குற ஓரத்துல கல்வாழை, சேம்பு, வெட்டிவேர் வைக்கலாம், தாங்கும். ஆனா சுவத்துல ஓதம் ஏறுற அளவு தண்ணியை செடி குடிச்சு தீர்த்துடும்னு எதிர்பாக்காதீங்க.

குழிப்பேர்வழி:

உறிஞ்சுகுழியை ஏன் யாரும் கண்டுக்க மாட்டேங்குறீங்க, தண்ணி நிலத்துக்குள்ள போனா நல்லதுதானே. 4க்கு 4 அடியில 5 அடி ஆழம் தோண்டி ஜல்லி ரொப்பினா தாராளமா போதும்.

மட்டப்பலகை:

நிலத்துக்குள்ள போனா நல்லதுதான், போகணுமே. கணக்கு போட்டு பாப்போம். 1000 சதுர அடின்னா சுமார் 93 சதுர மீட்டர், ஒரு சதுர மீட்டர்ல 1 மி.மீ மழை பெஞ்சா 1 லிட்டர், அப்ப 5 செ.மீ மழைக்கு மாடியில இருந்து மட்டும் 4600 லிட்டருக்கு மேல வருது. நீங்க சொல்ற குழி 80 கன அடி, வெறும் குழியா இருந்தா 2200 லிட்டர் சொச்சம் புடிக்கும், ஜல்லி ரொப்பினதும் கல்லுக்கு நடுவுல இருக்குற இடுக்குதான் மிச்சம், அது பத்துல நாலு பங்குக்கு மேல தேறாது, 900 லிட்டர். முதல் கால்வாசி மழைக்குள்ளயே குழி ரொம்பிடும், களிமண்ணா இருந்தா அடுத்த மழைக்குள்ள வடியாது, ரொம்பின குழி மேல மறுபடி குட்டை.

மணல்பாங்கான மண்ணா இருந்தா நானே உறிஞ்சுகுழிதான் சொல்லியிருப்பேன். அதுவும் அஸ்திவாரத்துல இருந்து 10, 15 அடி தள்ளி. சுவத்தை ஒட்டி தோண்டினா அஸ்திவாரத்துக்கே தண்ணி ஊத்துற மாதிரி. கிணத்துக்கு பக்கத்துலயும் செப்டிக் டேங்க் பக்கத்துலயும் கூடாது.

கொல்லைவாசி:

எல்லாருக்கும் நன்றி, நடுவுல நல்ல மழை ஒன்னு வந்துச்சு, அதனால எல்லாத்தையும் பாத்துட்டேன்.

குழாய் கசிவு இல்ல, தொட்டி மட்டம் காலையில அப்படியே இருந்துச்சு. குழியில ரெண்டாவது தடவை ரொப்பின தண்ணி ஒரு நாள் முழுக்க வச்சும் 2 இன்ச்தான் இறங்குச்சு, சோ உறிஞ்சுகுழி அவுட்.

மட்டம் எடுத்தோம், வீட்டுல ஒருத்தர் ட்யூபை புடிக்க நான் அளந்தேன். மூலையில 50 இன்ச், பின்பக்கம் மத்த இடமெல்லாம் 47, அதாவது மூலைதான் 3 இன்ச் பள்ளம். சந்து முன்பக்கம் முடியுற இடத்துல 46. ரோட்டு கால்வாய் அடி 70. மழை அடிக்கும்போது கால்வாய்ல தண்ணி 62ங்கிற அளவு வரைக்கும் ஏறி ஓடுச்சு. சந்து ஆரம்பத்துல இருந்து கால்வாய் வரைக்கும் 48 அடி. வீட்டு உள்தரை இந்த மூலையை விட ஒன்னரை அடி உசரம்.

சந்துல ஒரு வாளி தண்ணியை ஊத்தி பாத்தா அது முன்னாடி போகாம பின்னாடிதான் ஓடி வருது, பேவர் போட்டவர் வாட்டத்தை பின்பக்கம் கொடுத்திருக்கார் போல. அப்புறம் பின்பக்க காம்பவுண்டு சுவத்துல அடியில ரெண்டு ஓட்டை இருக்கு, மழை விட்டப்புறம் அதுல இருந்து லேசா தண்ணி கசியுது, அதை சிமெண்ட் வச்சு அடைச்சிடட்டுமா?

மட்டப்பலகை:

அந்த ஓட்டையை அடைக்காதீங்க. அது வேணும்னு விட்டது, சுவத்துக்கு பின்னாடி மண்ணுல நிக்கிற தண்ணி வெளியேறத்தான். அடைச்சா தண்ணியோட அழுத்தம் முழுக்க சுவத்து மேல வரும், சுவர் சாய வாய்ப்பிருக்கு. லேசான கசிவுதானே, அதையும் சேர்த்து வடிய விடுவோம்.

உங்க அளவு ரொம்ப உபயோகமா இருக்கு. முதல்ல பைப்பை மண்ணுக்குள்ள பதிச்சு கொண்டு போறதை பாப்போம். தரைக்கடி பைப்புக்கு 8 அடிக்கு 1 இன்ச் வாட்டம் வேணும். மூலையில இருந்து சந்து வரைக்கும் ஒரு 20 அடி, அப்புறம் 48, மொத்தம் 68 அடிக்கு எட்டரை இன்ச் இறங்கணும். முடியுற இடத்துல மழைநேர தண்ணி மட்டம் மூலையை விட 12 இன்ச்தான் கீழ. 12ல எட்டரை போனா மூலையில பைப்போட அடி மூணரை இன்ச் ஆழத்துல நிக்கும், 4 இன்ச் பைப் தரைக்கு மேல தலை நீட்டிக்கிட்டு இருக்கும். ரெண்டு அடி ஆழத்துல ஓட்டை பைப்புங்கிற பேச்சே இங்க இல்ல, மோட்டார் வச்சு இறைச்சாத்தான் உண்டு, கரண்டு போற நேரம்தான் பெருமழை நேரமும், அதனால மோட்டாரை நம்புற வழி எனக்கு புடிக்காது.

இப்ப வேற மாதிரி பாருங்க. பின்பக்கம் 400 சதுர அடி, அதுல நேரா விழுற மழை 5 செ.மீக்கு 1850 லிட்டர் இருக்கும். மாடியில இருந்து 4600க்கு மேல. பத்துல ஏழு பங்கு தண்ணி மாடித்தண்ணி. அந்த தண்ணி ஏற்கனவே 10 அடி உசரத்துல இருக்கு, அந்த உசரம் உங்களுக்கு சும்மா கிடைச்சது, அதை தரையில கொட்டவிட்டு வீணாக்கிட்டு அப்புறம் இன்ச் இன்ச்சா வாட்டம் தேடிக்கிட்டு இருக்கோம். ரெண்டு டவுன் பைப்பையும் மேலேயே வெட்டி, சுவத்துல கிளாம்ப் அடிச்சு சந்துப்பக்கமா முன்னாடி கொண்டு போய் ரோட்டு கால்வாய்ல விடுங்க. 48 அடிக்கு 6 இன்ச் வாட்டம், சுவத்து மேல அது ஒரு விஷயமே இல்ல. ஒரு இடத்துல கூட தோண்ட வேணாம்.

மிச்சம் இருக்குற தண்ணிக்கு தரை வேலை. வெளியில இருந்து ஒரு லோடு மண்ணும் வேணாம், நடுவுல மேடா இருக்குற மண்ணை வெட்டி சமையல்கட்டு சுவர் ஓரத்துல போட்டு இறுக்குங்க. சுவத்துல இருந்து 10 அடிக்கு 6 இன்ச் சரியணும். உங்க உள்தரை ஒன்னரை அடி உசரம்ங்கிறதால சுவர் ஓரத்துல 6 இன்ச் ஏத்தினாலும் ஒரு அடி மிச்சம் இருக்கு, இருந்தாலும் டி.பி.சி எந்த உசரத்துல இருக்குன்னு ஒரு தடவை பாத்துக்கங்க. சுவத்தை ஒட்டி அதே களிமண்ணைத்தான் போடணும், மணலோ ஜல்லியோ போட்டா தண்ணி அதுவழியா இறங்கி கீழ களி மேல உக்காந்து அஸ்திவாரத்தை நனைக்கும். அந்த சரிவு முடியுற இடத்துல, சுவத்துல இருந்து 10 அடி தள்ளி, அகலமா ஆழமில்லாம ஒரு புல் வாய்க்கால் எடுங்க, கால் தடுக்காத அளவுக்கு கரை படுத்து இருக்கணும். 20 அடியில ரெண்டரை இன்ச் இறக்கி சந்துகிட்ட கொண்டு வந்து விடுங்க.

சந்துல திறந்த சிமெண்ட் வாய்க்கால், காம்பவுண்டு ஓரமா 6 இன்ச் அகலம் போதும். வழவழன்னு பூசின வாய்க்காலுக்கு 16 அடிக்கு 1 இன்ச் வாட்டமே போதும், 48 அடிக்கு 3 இன்ச். கால்வாய்கிட்ட வரும்போது மூலையை விட அஞ்சரை இன்ச் கீழ இருக்கும், மழைநேர தண்ணி 12 இன்ச் கீழ, அதனால ரிவர்ஸ்ல வராது. சந்து முன்பக்கம் உசரமா இருக்குறதால அங்க வாய்க்கால் ஒன்பதரை இன்ச் ஆழம் ஆயிடும், மேல கிரேட்டிங் (கம்பி மூடி) போட்டுடுங்க, இல்லன்னா கால் மாட்டிக்கும். பேவரை முழுசா பிரிக்க வேணாம், வாய்க்கால் பக்கமா லேசா சாய்ச்சு திரும்ப பதிச்சா போதும், 4 அடிக்கு 1 இன்ச்.

தோண்டுறதுக்கு முன்னாடி சந்துல குடிதண்ணி பைப், கரண்டு கேபிள் எங்க போவுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு கடப்பாரையை போடுங்க. ரோட்டு கால்வாய்ல மழைத்தண்ணி விட அனுமதி உண்டான்னும் கேட்டுக்கங்க, கழிவுநீர் போற லைன்ல எந்த காரணத்துக்கும் மாடித்தண்ணியை சேர்க்காதீங்க, மழை நேரத்துல அது பொங்கி வீட்டுக்குள்ளயே திரும்பும்.

குழிப்பேர்வழி:

களிமண்ணுன்னா சரி, ஒத்துக்கிறேன். ஆனா அவ்வளவு நல்ல தண்ணியை ரோட்டுல விடுறது மனசுக்கு ஒப்பல. அந்த பைப் முன்னாடி போற வழியில ஒரு டிரம் வச்சு ரொப்பிட்டு மீதியை விடலாமே.

மட்டப்பலகை:

தாராளமா. டிரம் ரொம்பினதும் வழியுற பைப் உள்ள வர்ற பைப் அளவுக்கே இருக்கணும், அது மட்டும் பாத்துக்கங்க.

ஈரமண்:

டிரம் வைக்கிறவங்க வலை போட்டு மூடுங்க. வெயில் ஊர்னா கொசு முட்டையில இருந்து பறக்குற வரைக்கும் ஒரு வாரம் பத்து நாள்தான். அதே மாதிரி சில பேர் வாய்க்கால் நடுவுல மண்ணு தங்குறதுக்கு சேம்பர் கட்டுவாங்க, அடியில எப்பவும் ஒரு ஜாண் தண்ணி நிக்கும், தரையில குட்டையை ஒழிச்சிட்டு மூடிக்கு கீழ கொசுவுக்கு வீடு கட்டி கொடுத்த கதை. திறந்த வாய்க்கால்தான் எனக்கும் சரின்னு படுது, சருகு அடைச்சா கண்ணுக்கு தெரியும், விளக்குமாத்தால தள்ளிடலாம்.

கொல்லைவாசி:

மட்டப்பலகை சார், இதை யாருமே சொல்லல, எல்லாரும் தரையையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு மூணு சந்தேகம். சந்துப்பக்கம் ஒரு கதவும் ரெண்டு ஜன்னலும் இருக்கு, பைப் குறுக்க வருமே? அப்புறம் பிளம்பர் 3 இன்ச் பைப்பே போதும்ங்கிறார், பாக்கவும் அசிங்கமா தெரியாதாம். உள்பக்க சுவத்துக்கு வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் இப்பவே அடிச்சிடலாமா? எந்த வேலையை முதல்ல ஆரம்பிக்கிறது, மழை இன்னும் முடியல.

மட்டப்பலகை:

கதவு ஜன்னல் இருந்தா சன்ஷேடுக்கு மேல கொண்டு போங்க, டவுன் பைப்பை அந்த உசரத்துலயே வெட்டிக்கலாம். திரும்புற இடத்துல ஒரே 90 டிகிரி பெண்டுக்கு பதிலா ரெண்டு 45 போட சொல்லுங்க, திறந்து சுத்தம் பண்ற மாதிரி மூடி வச்ச டீ (T வடிவ ஜாயின்ட்) ரெண்டு இடத்துலயாவது வேணும். மாடியில தண்ணி இறங்குற வாய்ல சருகு போகாம கூம்பு மாதிரி இருக்குற ஜாலி வைங்க, தட்டையா இருக்குறது ஒரே ஒரு பெரிய இலை விழுந்தா மூடிக்கும். வெயில் படுற இடத்துல பிவிசி நொறுங்கும், மேல பெயிண்ட் அடிச்சிடுங்க.

பெயிண்ட் இப்ப வேணவே வேணாம். உள்ள ஈரத்தை வச்சு மூடினா அது இன்னும் மேல ஏறி வேற இடத்துல உப்பும். தண்ணி வர்றதை நிறுத்திட்டு, உதிர்ற பூச்சை கொத்தி எடுத்துட்டு காயவிடுங்க. ஒரு இன்ச் கனத்துக்கு ஒரு மாசம்னு பழைய கணக்கு ஒன்னு இருக்கு, 9 இன்ச் சுவர்னா பாத்துக்கங்க, வருஷம் திரும்ப நெருங்கிடும். உப்பை ஈரத்துணியால துடைக்காதீங்க, கரைஞ்சு மறுபடி உள்ள போகும், காஞ்ச பிரஷ்ல தட்டி கூட்டி அள்ளுங்க.

மாடி பைப் வேலைக்கு மண்ணு காய வேண்டியதில்ல, அதை உடனே முடிங்க. தரை வேலையை களி காஞ்சு கையில புடிச்சா உதிர்ற பதம் வந்ததும் செய்யலாம், அதைத்தான் ஈரமண் அம்மாவும் சொல்லியிருக்காங்க. நடுவுல வர்ற மழையில மூலையில எவ்வளவு நிக்குதுன்னு பாருங்க, குச்சி நட்டு தண்ணி எல்லையை குறிச்சு வச்சா வாய்க்கால் எந்த இடத்துல எடுக்கணும்னு அதுவே காட்டும்.

பைப் அளவுக்கு வருவோம். மணிக்கு 10 செ.மீ வேகத்துல மழை கொட்டினா உங்க மாடியில இருந்து வினாடிக்கு ரெண்டரை லிட்டருக்கு கொஞ்சம் மேல வரும். நீங்க கொடுக்குற வாட்டத்துல 4 இன்ச் பைப் 6 லிட்டருக்கு மேல தள்ளும், 3 இன்ச் 3 லிட்டர்தான், அதாவது பாதிக்கும் கீழ. கணக்குக்கு 3 இன்ச் பாஸ்தான், ஆனா உள்ள நாலு சருகு படுத்துக்கிச்சுன்னா ஃபெயில், மாடியில தண்ணி நின்னு சீலிங்ல ஒழுக ஆரம்பிக்கும். அசிங்கமா தெரிஞ்சாலும் சுவத்து கலர்ல பெயிண்ட் அடிச்சுக்கலாம், 4 இன்ச்சே போட சொல்லுங்க.